கறுப்புக் களியில் வெள்ளைப் புள்ளி

நேற்று அது இல்லை. நேற்று மாலை விளக்குப் போடுவதற்கு முன்னால் புட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னலோரம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தபோது இல்லை. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், எந்தக் கோர்ட்டும் கேட்கப்போவதில்லை என்றாலும். இன்று காலை ஒன்பது மணிக்கு இருக்கிறது. நாற்றுகள் வேர்விட்டிருக்கும் கறுப்புக் களியின் ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி, கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. முதலில் வெளியே ஒட்டிய சுண்ணாம்பு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். பிறகு கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் காற்றுக்குமிழ் என்று நினைத்தேன், நான்கு மாதமாகத் தினமும் பார்க்கிற கண்ணாடியில் இன்றைக்கு மட்டும் குமிழ் எப்படி முளைக்கும் என்று யோசிக்காமல். பிறகு உருப்பெருக்கியை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. உருப்பெருக்கியில் அந்தப் புள்ளிக்கு மயிர் இருந்தது, பஞ்சு மாதிரி மெல்லிய வெள்ளை மயிர், அது பக்கத்து நாற்றின் வேரை நோக்கிச் சாய்ந்திருந்தது, அல்லது சாய்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது, பயந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆய்வுக்கூடத்துப் பெண் ஷாகிராவுக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூரில் இந்த விதைகளைப் புட்டியில் முளைக்கவைத்தவள் அவள்தான். "சார், அந்தப் புட்டிய நான் எப்ப அனுப்புனேன்?" என்றாள். மார்ச்சில் என்றேன். "இப்ப என்ன மாசம் சார்?" ஜூலை என்று சொல்லாமல் மழை பலமாக இருக்கிறது என்றேன். "வந்த ரெண்டு வாரத்துல எடுத்து நடச் சொன்னேன்ல?" படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். "எதப் பத்தி?" எடுத்து நடுவதைப் பற்றி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். பிறகு சிரிப்பில்லாத குரலில் சொன்னாள்: "இனிமே படிக்காதீங்க சார். அந்தக் களி முழுக்கச் சர்க்கரை. பூஞ்சை உள்ள வந்துட்டா நிக்காது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் மூடிரும். இன்னிக்கே வெளிய எடுத்திருங்க." வளர்ந்துவிட்டன, கழுத்து வழியாக வராது என்றேன். "அப்ப உடைச்சிருங்க. பேப்பர்ல சுத்திட்டு, அடிப்பக்கம் சுத்தியலால ஒரு தட்டு. ஒரே தட்டு. ரெண்டு மூணு தட்டுத் தட்டுனா கண்ணாடித் தூள் வேர்ல ஏறிரும். பெரிய வேலை ஒண்ணும் இல்ல சார், கை மட்டும் ஆடாம இருந்தாப் போதும்."

கை மட்டும் ஆடாமல் இருந்தால் போதும். நல்ல பெண். அவளுக்கு என்ன தெரியும். சாப்பாட்டு மேசையில் எல்லாம் இருக்கிறது, நான்கு மாதமாக இருக்கிறது: ஓட்டை போட்ட தட்டு, அலசிக் காயவைத்த பாசி, அடுப்புக்கரி, செங்கல் துண்டு, பூஞ்சைக்கொல்லித் தூள், முனை வளைந்த இடுக்கி, ஒளி புகும் பிளாஸ்டிக் மூடி. சுத்தியல் மட்டும்தான் புதிது. சுத்தியல் தேவைப்பட்டிருக்காது, மார்ச்சில் செய்திருந்தால். மார்ச்சில் அவை என் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தன, புட்டியைச் சாய்த்துத் தண்ணீர் விட்டால் தாமாகவே வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். பயந்து பயந்து வேலையைத் தள்ளிப்போட்டு, பயப்படத் தேவையில்லாத வேலையைப் பயப்படவேண்டிய வேலையாக வளர்த்திருக்கிறேன். இப்போது இலைகள் கண்ணாடியில் முகத்தைப் பதித்து நிற்கின்றன. எத்தனை என்பதுகூட உறுதியில்லை. இந்தப் பக்கமிருந்து எண்ணினால் இருபத்திரண்டு, அந்தப் பக்கமிருந்து இருபத்து மூன்று, நான் இருபத்து மூன்று என்று வைத்திருக்கிறேன். இதன் தாய்ச்செடி, மரத்தில் ஒட்டி வளரும் ஓர் ஆர்க்கிட், எஸ்டேட் ரோட்டில் சாய்ந்த மரத்தின் உச்சிக்கிளையில் இருந்தது, சாய்ந்ததால்தான் கண்ணில் பட்டது. ரேஞ்சரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்து பின்கட்டில் கட்டினேன். இரண்டாம் வருஷம் ஒரே ஒரு பூங்கொத்து. பல் குத்தும் குச்சியால் மகரந்தத்தை எடுத்து நான்தான் சேர்த்துவைத்தேன், அப்போது கை ஆடாமல் நின்றது. ஒன்பது மாதம் காய் முற்றியது, பிறகு தாய் அழுகிவிட்டது, வால்பாறை மழையில் எதுவும் சொல்லிக்கொண்டு சாவதில்லை. அனுப்பிய விதையில் ஏழு புட்டி போட்டார்கள், ஆறு கெட்டுப்போயின, மிஞ்சியது இது. இந்தப் பக்கத்துக் காட்டில் வேறெங்கும் நான் இதைப் பார்த்ததில்லை, பார்த்திருக்கக்கூடியவர்களும் பார்த்ததில்லை என்கிறார்கள். பெயரைச் சொல்லமாட்டேன், மனசுக்குள் சொன்னாலும் யாராவது சாக்குப்பையோடு மரம் ஏறிவிடுவார்கள் என்று பயம். ஒரு கர்னலின் பெயரை வைத்திருக்கிறார்கள், அவன் குதிரையிலிருந்து இறங்கி ஒரு தடவை பார்த்திருப்பான். ஆர்க்கிட் என்ற பெயரே கிரேக்கத்தில் ஓர் உறுப்பின் பெயர்; எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டபோது, கிழங்கின் வடிவத்தை வைத்துப் பெயரிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து என்ன வடிவம் சார் என்றாள், தலைமையாசிரியை மின்விசிறியைப் பார்த்தார், நானும் பார்த்தேன், அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. விதை தூசியை விடச் சிறியது, உள்ளே சாப்பாடு கிடையாது, காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காட்டில் ஊட்டுவதும் பூஞ்சை, இங்கே கொல்ல வந்திருப்பதும் பூஞ்சை. ஊட்டுகிறதா தின்கிறதா என்பது ஆளைப் பொறுத்ததா, இடத்தைப் பொறுத்ததா, இல்லை வெறும் காலக்கணக்கா. புள்ளி இப்போது முழுக் கடுகு அளவு இருக்கிறதா. இல்லை. உருப்பெருக்கி வேண்டாம்.

கையைப் பார்க்கக்கூடாது. மடியில் வைத்துவிட்டு வேறெதையோ பார்ப்பதுபோல் பாசாங்கு செய்து, திடீரென்று குனிந்து பார்ப்பேன், திருடனைப் பிடிக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் பிடித்துவிடுவேன், வலது பெருவிரல் சுட்டுவிரல் மேல் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும், மாத்திரை உருட்டுகிற வைத்தியர் மாதிரி, நான் கேட்காத வைத்தியம். இதையும் படித்தாயிற்று. நடுக்கத்தில் வகை இருக்கிறது. ஒரு பொருளை எடுக்கப்போகும்போது மட்டும் வரும் நடுக்கம் அவ்வளவு மோசமில்லை, வயசானால் வரும், அதோடு ஆயுள் முழுக்க இருந்துவிடலாம். சும்மா இருக்கும்போதே வரும் நடுக்கம் வேறு. எனக்கு எடுக்கும்போதும் வருகிறது, சும்மா இருக்கும்போதும் வருகிறது, ஆக என் கை எந்தப் பக்கத்தையும் முழுதாகப் படிக்கவில்லை. அந்த இரண்டாவது வியாதிக்கு ஓர் ஆங்கிலேய டாக்டரின் பெயர். செடிக்குக் கர்னல், வியாதிக்கு டாக்டர். பெயர் கொடுத்தவர்கள் நிம்மதியாகப் போய்விட்டார்கள், வாங்கியவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு தாவர ஆய்வு நிலையத்தில் முப்பத்து மூன்று வருஷம் செடி வரைந்த கை இது. ஓர் இலையின் அடியில் இருக்கும் ரோமத்தை ஒவ்வொன்றாகப் போடும், போடும்போது மூச்சை நிறுத்திக்கொள்வேன், சக ஊழியர்கள் நான் செத்துவிட்டேனா என்று எட்டிப் பார்ப்பார்கள். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் நாற்பது கொண்டையூசி வளைவும் ஏறி பியூலாவிடம் வருவேன், வாரக்கடைசிப் புருஷன் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவள் சினேகிதிகள் பெயர் வைத்திருந்தார்கள். கடைசி வருஷம் வரைந்தது ஏழாம் தொகுதி, நாற்பத்தொன்றாம் படம். அந்த இலையின் விளிம்பு நேரானது. உலர்ந்த மாதிரியில் நேர், பச்சையில் நேர், கடவுள் படைத்தபோதும் நேர். நான் வரைந்தபோது மட்டும் லேசாக அலைந்தது. பேனா முள் தேய்ந்துவிட்டது என்று வேறு முள் மாற்றினேன், அதுவும் தேய்ந்திருந்தது. தொகுதியை எழுதியவர் என்மேல் அபார நம்பிக்கை உள்ள மனிதர், மாதிரியைப் பார்க்காமல் என் படத்தைப் பார்த்து எழுதினார்: விளிம்பு சற்றே அலைபடிந்தது. அச்சாகிவிட்டது. என் நடுக்கம் விஞ்ஞானத்தில் ஏறிவிட்டது. இந்த நிமிஷம் யாரோ ஒரு மாணவன் அட்டை கடிக்க மலை ஏறி, நேர்விளிம்பு இலையைக் கையில் பிடித்துக்கொண்டு இது அது இல்லை என்று இறங்கிக்கொண்டிருப்பான். எழுதிப்போட்டிருக்கலாம், திருத்தம் வெளியிட்டிருப்பார்கள். மற்றவர்கள் செய்த பிழைக்கு எத்தனை கடிதம் போட்டிருக்கிறேன், கமாவுக்குக்கூடப் போட்டிருக்கிறேன். இதற்குப் போட்டால் காரணம் எழுதவேண்டும். காரணத்தை எழுதினால் அது உண்மையாகிவிடும். அண்ணனுக்குப் பாளையங்கோட்டையில் கோயிலில் வைத்துத்தான் உண்மையானது, திருவிருந்துக் கிண்ணத்தைக் கையில் வாங்கினான், கிண்ணம் பல்லில் கிடுகிடுவென்று அடித்தது, திராட்சைரசம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது, பாதிரியார் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த ஆளிடம் போனார், அதுதான் அவனால் தாங்கமுடியவில்லை. பிறகு பொத்தான் போடவராமல் போயிற்று, பிறகு கையெழுத்து எறும்பாகச் சுருங்கியது, கடைசி இரண்டு வருஷம் அண்ணி கரண்டியால் ஊட்டினாள், ஊட்டும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். ஊட்டுகிறதா தின்கிறதா. நான் ஜனவரியிலிருந்து திருவிருந்துக்கு எழுந்துபோகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கத்தில் ஏதோ கருத்து வேறுபாடு இருப்பதைப்போல முகத்தை வைத்துக்கொள்கிறேன். பியூலா ஏன் என்று கேட்டதில்லை. முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவள், கேட்காமல் விடுகிற ஆள் இல்லை, நான் ரொம்பச் சாமர்த்தியமாக மறைக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

அடுக்களையில் கீரை ஆய்கிறாள், காம்பு ஒடியும் சத்தம் கேட்கிறது, மழை கொஞ்சம் ஓயும்போது மட்டும். காலையில் கொடுத்த காப்பியும் அரை டம்ளர்தான். ஆறு மாதமாக இந்த வீட்டில் எனக்கு அரை டம்ளர்தான் வருகிறது, கோடு போட்டு அளந்த மாதிரி. கேட்டால், "குடிச்சிட்டு இன்னும் வேணும்னா சொல்லுங்க" என்பாள். மனைவியிடம் மிச்சக் காப்பிக்கு மனுப் போடுவதா என்று நான் சொல்வதில்லை. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து பொத்தானே இல்லாத, தலைவழியே மாட்டுகிற சட்டை மூன்று வாங்கி வந்தாள். அறுபது வயதுக்காரனைக் கால்பந்து ஆட அனுப்பப்போகிறாயா என்றேன். இப்போது இந்தப் புட்டி. வெந்நீரை விளாவி வைத்தாயிற்று, இனி ஆறிவிடும், ஆறினால் மறுபடி விளாவவேண்டும், அதற்கு இன்னும் பத்து நிமிஷம் போகும், பத்து நிமிஷத்தில் பூஞ்சை எத்தனை தூரம் போகும் என்று எங்கேயோ ஒரு கணக்குப் படித்தேன். நிறுத்து. செய்தித்தாளை விரிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைத் தாள், மணமகன் தேவை. சொந்த வீடு, ஒரே பெண், நல்ல குணமுள்ள, ஏன் எல்லாரும் நல்ல குணமுள்ள என்று எழுதிவிட்டுப் போன் நம்பரில் ஓர் எண்ணை விட்டுவிடுகிறார்கள், ஒன்பது எண்தான் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு யாருமே போன் செய்திருக்கமுடியாது. நிறுத்து என்றேன். புட்டியைச் சுற்றுகிறேன். கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன், இலைகள் கண்ணாடியில் ஒட்டியிருக்கின்றன. மழை நாளில் கண்ணாடி ஏற்றிய பஸ்ஸில் ஆட்கள் இப்படித்தான் இருப்பார்கள். உள்ளே சர்க்கரை இருக்கிறது, வெதுவெதுப்பு இருக்கிறது, கிருமி இல்லை, காற்று இல்லை. நான் இவ்வளவு நாள் அவற்றைப் பாதுகாத்ததாக நினைத்தேன். கண்ணாடியை நம்பினேன், கண்ணாடிக்குள்தான் அது வந்திருக்கிறது. தாள் மூடிவிட்டது. இடது கையால் கழுத்தைப் பிடிக்கிறேன். வலது கையில் சுத்தியல். ஒரே தட்டு. மூச்சை நிறுத்துகிறேன், பழைய வழக்கம், இலை ரோமம் போடுகிற மாதிரி. சுத்தியலை எங்கே தட்டவேண்டுமோ அங்கே முதலில் மெதுவாக வைத்துக் குறிபார்க்கிறேன். வைத்தது நிற்கவில்லை. டக் டக் டக் டக் என்று தானாகத் தட்டுகிறது, மெதுவாக, ஒரே சீராக. நான் நிறுத்தச் சொல்கிறேன், நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து குரல்: "யாரோ கதவத் தட்றாங்க, பாருங்க." யாருமில்லை என்கிறேன். சுத்தியலைத் தூக்குகிறேன், தூக்கினால் பெரிதாக ஆடுகிறது, இந்த ஆட்டத்தில் அடித்தால் கண்ணாடி நாற்றுகளுக்குள் இறங்கும், கீழே வைக்கிறேன், டக் டக் டக். "யாருன்னு கேளுங்களேன், மழையில நிக்கிறாங்க." யாருமில்லை பியூலா. கீரைக்காம்பு ஒடிவது நிற்கிறது.

அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து மேசை முன்னால் நிற்கிறாள். கதவுப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் சுத்தியலைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளுகிறேன், இவ்வளவு பெரிய சுத்தியலை. "இதத்தான் நாலு மாசமா முன்னால வச்சு ஜெபம் பண்ணுனீங்களா?" பூஞ்சை வந்துவிட்டது என்கிறேன், நாளைக்குள் எல்லாம் போய்விடும், உடைக்கவேண்டும், ஒரே தட்டு, ஷாகிரா சொன்னாள். நான் சொல்லச் சொல்ல அவள் வளையலை முழங்கை வரை ஏற்றிக்கொள்கிறாள், அந்த அசைவு எனக்குத் தெரியும், பிரசவ வார்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். "தள்ளுங்க." இது பிரசவம் இல்லை பியூலா. "ஆமா, இதுக கத்தாது. நீங்க கத்தாம இருந்தாச் சரி. கழுத்தப் பிடிச்சுக்கோங்க." பிடிக்கிறேன், இரண்டு கையாலும், தாள் சரசரக்கிறது, என் கையின் ஆட்டம் உள்ளே இருப்பதற்கெல்லாம் போய்ச் சேருகிறது. அவள் இடது கையை என் கைகள்மேல் வைக்கிறாள், கீரை வாசனை, ஈரம், பாரம். சரசரப்பு நிற்கிறது. தட்டு. வெல்லக்கட்டி உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், இதற்கா நான்கு மாதம். தாளைப் பிரித்தால் புட்டி மூன்று பெரிய துண்டாகத் திறந்திருக்கிறது, நடுவில் கறுப்புக் களி கலையாமல் நிற்கிறது, தலையில் அத்தனை பச்சையும். ஓரத்தில் வெள்ளை, வெளியே வந்ததும் சின்னதாகத் தெரிகிறது. அவள் கத்தியால் அந்த ஓரத்தை அகலமாக வெட்டித் தனியே தள்ளுகிறாள், அதோடு இரண்டு நாற்று போகிறது. ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது, பச்சையாக, என்கிறேன். "தொட்டிருக்கு. விடுங்க." விடுகிறேன். மிச்சத்தை வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இறக்குகிறாள். வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னி, களி பிசினாக ஒட்டி, ஒரு துளி களி மிஞ்சினாலும் அதில் மறுபடி பூஞ்சை வரும். விரலால் வழிக்கிறாள், வரவில்லை. "தேய்ச்சா வேர் போயிரும் போலிருக்கே." இரண்டு தடவை முயன்று பார்க்கிறாள், ஒன்றின் வேர் முறிகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். பிறகு இன்னொரு நாற்றை எடுத்து என் வலது கையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, கையைத் தண்ணீருக்குள் அமுக்குகிறாள். "பிடிச்சிட்டு இருங்க. ஒண்ணும் செய்யாதீங்க." நான் ஒன்றும் செய்யவில்லை. கை செய்கிறது. தண்ணீருக்குள் நாற்று நடுங்குகிறது, மெதுவாக, ஒரே சீராக. வேரிலிருந்து களி கறுப்பு நூலாக அவிழ்ந்து இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது, வேர் வெள்ளையாக, மொழுமொழுவென்று, நுனியில் ஒரு பச்சைப் பொட்டோடு வெளியே வருகிறது, இத்தனை வருஷம் வரைந்தும் இவ்வளவு சுத்தமான வேரை நான் பார்த்ததில்லை. "பாத்தீங்களா," என்கிறாள் பியூலா, நிமிர்ந்து பார்க்காமல், அடுத்ததைப் பிரித்துக்கொண்டே. "இதுக்கு உங்க கைதான் சரி."

மழை அடித்துக்கொண்டிருக்கிறது. அவள் சொன்னது மேசைமேல் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அடுத்ததைக் கையில் வைக்கிறாள், பிடிக்கிறேன், ஆடுகிறது, களி இறங்குகிறது, தட்டில் பாசிமேல் வைக்கிறாள். அடுத்தது. எப்போதிருந்து தெரியும் என்று கேட்கிறேன், ஒன்பதாவது நாற்றில். "இத நிமிர்த்திப் பிடிங்க" என்கிறாள். பதினான்காவதில் அவளாகவே சொல்கிறாள்: "புதன்கிழமை கோயம்புத்தூர்ல டாக்டரப் பாக்கப் போறோம். சொல்லி வச்சாச்சு. நீங்க படிச்சு முடிச்சதும் போகலாம்னுதான் இருந்தேன். முடிக்கிற மாதிரித் தெரியல." வாயைத் திறந்தால் அந்த இரண்டு வகை நடுக்கத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிடுவேன், அவளுக்கு, முப்பத்தொரு வருஷ நர்ஸுக்கு. புதன்கிழமை என்றால் இன்னும் நான்கு நாள். இருபது நாற்று. வேர் முறிந்ததையும் வைத்திருக்கிறாள், சேர்த்தால் இருபத்தொன்று. வெட்டித் தள்ளிய இரண்டோடு இருபத்து மூன்றுதான் சரி, அந்தப் பக்கமிருந்து எண்ணியதுதான் சரி. மருந்துத் தண்ணீர் தெளித்து மூடியைப் போடுகிறாள், உடனே உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. இனி மூன்று வாரம். மூன்று வாரத்துக்குள் எது கறுக்கும் எது நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெள்ளை நூல் ஏதாவது வேரில் தங்கியிருக்கலாம், தங்கியிருக்கிறதா என்று பார்க்கத் திறந்தால் ஈரம் போய்விடும். மூடியின்மேல் கையை வைக்கிறேன், பிளாஸ்டிக் கிடுகிடுக்கிறது, எடுத்துவிடுகிறேன், பிறகு மறுபடி வைக்கிறேன், கிடுகிடுக்கட்டும், அவள்தான் பார்த்தாயிற்றே. பியூலா காப்பி கொண்டுவருகிறாள். அரை டம்ளர். கோடு போட்டு அளந்த மாதிரி. வாங்குகிறேன், இரண்டு கையால் இல்லை, வலது கையால். காப்பி டம்ளரின் ஒரு சுவரில் ஏறி இறங்கி மறு சுவரில் ஏறுகிறது, விளிம்பு சற்றே அலைபடிந்தது, டம்ளரின் வாய் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஆறு மாதமாக ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. ஜனவரியிலிருந்து. நான் டம்ளரைப் பார்க்கிறேன், அவள் தட்டைப் பார்க்கிறாள், குடித்து முடிக்கும்வரை நிற்கிறாள்.

"இன்னும் அரை ஊத்தட்டுமா?" என்கிறாள்.

ஊற்று என்கிறேன்.